நாகை, காரைக்கால் பகுதியில் தனியார் நிறுவனத்தின் விடுமுறைப் பட்டியலை எப்படி அமைப்பது?

கேள்வி: புதிய மேலாளர்

அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினத்தில் இறாலும் மீனும் பதப்படுத்தி அனுப்பும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் நிர்வாகப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். இதற்கு முன்பு கோவைப் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருந்தேன். அங்கே ஜனவரியில் விடுமுறைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் டிசம்பர் வரை அதைப் பற்றி எவரும் வாய் திறக்கமாட்டார்கள். இங்கே பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே மூன்று பேர் மூன்று விதமான கோரிக்கைகளோடு வந்துவிட்டார்கள்.

எங்கள் தொழிலாளர்களில் பெரும்பாலோர் மீனவக் கிராமங்களைச் சேர்ந்த பெண்கள். கணக்குப் பிரிவிலும் ஏற்றுமதிப் பிரிவிலும் நாகூரைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வேளாங்கண்ணி பக்கத்திலிருந்து கிறித்தவர்கள் பலர் வருகிறார்கள். வாஞ்சூர் எல்லையைத் தாண்டிக் காரைக்காலிலிருந்து வருபவர்களும் உண்டு. நான் தெரிந்துகொள்ள விரும்புவது இவைதான். மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை எங்களைப் போன்ற தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துமா? நாகூர் தர்காவின் கந்தூரி விழா ஆண்டுதோறும் வேறு வேறு தேதியில் வருவதால், ஏற்றுமதி ஒப்பந்தங்களுக்கு முன்கூட்டியே திட்டமிடுவது எப்படி? எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டம் தரச் சொல்லும் சில நாள்களுக்குள் இத்தனை சமயத்தாரின் பண்டிகைகளையும் யாரும் மனம் கோணாமல் எப்படி அடக்குவது? பொதுவான அறிவுரையைவிட, இப்பகுதியில் இதை நேரில் கையாண்டவர்களின் பதிலே எனக்குப் பயன்படும்.

பதில் 1: ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்

ஐயா, முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் 'விடுமுறை' என்ற ஒரே தலைப்பில் வருபவை எல்லாம் ஒரே சட்டத்தின் கீழ் வருபவை அல்ல.

தமிழ்நாடு அரசு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியல், 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் 25-ஆவது பிரிவை அடிப்படையாகக் கொண்டது. அச்சட்டம் உண்மையில் வணிகர்களின் உண்டியல் (குறித்த நாளில் பணம் தரும்படி எழுதும் சீட்டு), கடனுறுதிச் சீட்டு, காசோலை ஆகியவற்றைப் பற்றியது. பொது விடுமுறை நாளில் உண்டியலின் தவணை முடிந்தால், அது அதற்கு முந்தைய வேலைநாளிலேயே முடிந்ததாகக் கொள்ளப்படும் என்று சொல்லுமிடத்தில், பொது விடுமுறை என்றால் எது என்பதையும் அப்பிரிவு விளக்குகிறது. அந்த விளக்கத்தின் கீழ் நாள்களை அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு 1957-இல் மாநில அரசுகளுக்கு அளித்தது. பொங்கலுக்கும் ரம்சானுக்கும் புனித வெள்ளிக்கும் வங்கி மூடியிருப்பதற்குக் காரணம், வெள்ளையர் காலத்து வணிகச் சட்டத்தின் ஒரு வரிதான் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை இதில் சேராது. நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணித் திருவிழா, பக்கத்து மாவட்டமான திருவாரூரில் ஆழித்தேர் என்று எதற்கு அறிவிப்பு வந்தாலும், அதன் இறுதிப் பகுதியை ஒருமுறை படித்துப் பாருங்கள். இவ்விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படவில்லை என்பதால், மாவட்டக் கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் அவசரப் பணிகளுக்காகக் குறைந்த பணியாளர்களோடு இயங்கும் என்று அதில் எழுதியிருக்கும். அந்த நாளுக்கு ஈடாகப் பின்னர் வரும் ஒரு சனிக்கிழமை வேலைநாளாக இருக்கும் என்றும் வழக்கமாகக் குறிப்பிடப்படும். எனவே அன்று அரசு அலுவலகமும் பள்ளியும் மூடியிருக்கும், வங்கி திறந்திருக்கும். உங்கள் நிறுவனத்தை அந்த அறிவிப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் பள்ளிக்கு விடுமுறை என்றால் உங்களிடம் வேலை செய்யும் தாய்மார்களில் ஒரு பகுதியினர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கிவிடுவார்கள் என்பதை எந்த அறிவிப்பும் உங்களுக்குச் சொல்லாது.

உள்ளூர் விடுமுறை என்பது ஒரு சமயத்தாருக்கு அரசு வழங்கும் சலுகை என்று சிலர் பேசுவதுண்டு. நான் பார்த்தவரை அது பெரிதும் நிர்வாக வசதிக்கான ஏற்பாடு. கந்தூரியின்போது சந்தனத்தை ஏந்திச் செல்லும் சந்தனக்கூடு ஊர்வலம் நாகப்பட்டினத்திலிருந்து நாகூர் வரை செல்லும் இரவில் அந்தச் சாலையில் பள்ளிப் பேருந்தை எப்படி ஓட்டுவது? வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து வருவோரால் கிழக்குக் கடற்கரைச் சாலை நிறைந்திருக்கும்போது, பாதிப் பணியாளர்களைத் திருவிழாப் பணிக்கு அனுப்பிவிட்ட அலுவலகத்தைத் திறந்து வைத்து என்ன பயன்?

பதில் 2: நாகூர்வாசி

கந்தூரியைப் பற்றி நான் எழுதுகிறேன். நாகூர் ஆண்டவர் என்று எல்லாரும் அழைக்கும் ஷாகுல் ஹமீது அவர்களின் நினைவாக நடக்கும் இவ்விழா, இஸ்லாமிய நாட்காட்டியின் ஜமாதுல் ஆகிர் மாதத்தின் முதல் பிறையில் கொடியேற்றத்துடன் தொடங்கி 14 நாள்கள் நடைபெறும். செட்டிப் பல்லக்கும் கப்பல் வடிவ ரதமும் வருவது கொடி ஊர்வலத்தில். பத்தாம் நாள் இரவு சந்தனக்கூடு. மறுநாள் விடியற்காலையில் அவரது அடக்கத்தலமான ரவுலா ஷரீபுக்குச் சந்தனம் பூசுதல். கூட்டம் உச்சத்தில் இருப்பதும், ஆட்சியர் விடுமுறை அறிவிப்பதும் இதையொட்டித்தான். அந்தக் கூட்டத்தில் முஸ்லிம்கள் மட்டும் இருப்பதில்லை என்பதை நீங்கள் ஒருமுறை வந்து பார்த்தாலே தெரிந்துகொள்வீர்கள். பெரிய மினாரா 131 அடி உயரம். அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். உங்கள் தொழிலாளர்களில் நாகூர்க்காரர்கள் மட்டுமே அன்று விடுப்புக் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

தேதியைப் பொறுத்தவரை, இஸ்லாமிய ஆண்டு 354 அல்லது 355 நாள்களைக் கொண்டது என்பதால் கந்தூரி ஆண்டுக்குச் சுமார் 11 நாள்கள் முன்னுக்கு வந்துகொண்டே இருக்கும். இதனால் 2023-இல் ஒரே ஆங்கில ஆண்டுக்குள் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்றும் டிசம்பர் நான்காம் வாரத்தில் மற்றொன்றுமாக இரண்டு சந்தனக்கூடுகள் வந்தன. 'ஆண்டுக்கு ஒரு நாள்' என்று எழுதி வைத்திருந்த நிறுவனங்கள் அப்போது திகைத்துப் போயின. பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாமே தவிர, அந்த ஒரு நாளைத் தவிர மற்ற அனைத்தையும் பல ஆண்டுகளுக்கு முன்பே கணித்துவிட முடியும். ஆகவே பட்டியலில் ஒரு தேதியை அச்சிடாமல், அடுத்தடுத்த இரண்டு தேதிகளைக் குறித்து, 'பிறை அறிவிப்புக்கு உட்பட்டது' என்று எழுதுங்கள். கொடியேற்றம் முடிந்தவுடன் சரியான நாள் தெரிந்துவிடும். சந்தனக்கூட்டுக்கு அதன்பின் ஒன்பது நாள்கள் இருக்கும். சரக்குப் பெட்டகம் ஏற்றும் நாளை மாற்ற அது போதும்.

இன்னொன்றையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கந்தூரி இப்போது ஐப்பசியை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் அது தீபாவளியையும், அதையடுத்து வரும் கந்தசஷ்டியையும் நெருங்கிவிடும். 'சிக்கலில் வேல் வாங்கிச் செந்தூரில் சூரனை வதைத்தான்' என்று சொல்லும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்; அந்தச் சிக்கல் நாகப்பட்டினத்தை ஒட்டித்தான் இருக்கிறது. சிங்காரவேலர் வேல் வாங்கும்போது திருமேனியில் வியர்வை அரும்பும் என்று நம்பி அதைக் காண மக்கள் திரளும் வாரமும், நாகூரில் கொடி பறக்கும் வாரமும் ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு, 2032, 2033 ஆகிய ஆண்டுகளில் கந்தூரியும் வேளாங்கண்ணித் திருவிழாவும் ஏறக்குறைய ஒரே வாரங்களில் வரும். விடுதி அறை, பேருந்து, லாரி, பனிக்கட்டி எதுவும் அப்போது எளிதில் கிடைக்காது. இது 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் சுற்று என்பதால், இதை முன்பு அனுபவித்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

தேதி நிச்சயமற்றது என்றால் எல்லாரும் பிறையை மட்டுமே குறை சொல்கிறார்கள். 2023-இல் விநாயகர் சதுர்த்திக்கு அரசு முதலில் செப்டம்பர் 17 என்று அறிவித்துவிட்டுப் பின்னர் 18 என்று மாற்றியது. பஞ்சாங்கத்துக்கும் அதே சங்கடம் உண்டு.

பதில் 3: தொழிற்சட்ட ஆலோசகர்

உங்களை உண்மையில் கட்டுப்படுத்துவது தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம், 1958. இதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்கள் எந்த மாற்றமுமின்றி ஊதியத்துடன் கூடிய விடுமுறைகள். இவை தவிர ஐந்து பண்டிகை நாள்கள் தரப்பட வேண்டும். அந்த ஐந்து எவை என்பதைச் சட்டம் சொல்லவில்லை. நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் கலந்து தொழிலாளர் சட்டங்களைக் கண்காணிக்கும் அரசு ஆய்வாளர் அந்த நிறுவனத்துக்கென்று குறித்துத் தர வேண்டும் என்றே சொல்கிறது. விடுமுறையன்று வேலை வாங்கினால் இரட்டை ஊதியம் தர வேண்டும். அல்லது அன்றைய ஊதியத்தோடு வேறொரு நாளில் ஈடு விடுமுறை தர வேண்டும்.

'கலந்து' என்ற அந்தச் சொல்லைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் மறந்துவிடுகின்றன. பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூசை, தீபாவளி என்று ஐந்தை எழுதி, கடந்த ஆண்டுப் பட்டியலின் தேதிகளை மட்டும் திருத்தி அனுப்பிவிடுகிறார்கள். உள்நாட்டுத் தொழில் நகரங்களில் அது எதிர்ப்பின்றி ஓடிவிடலாம். நாகையில் ஓடாது, ஓடவும் கூடாது. பொங்கல், ரம்சான், தீபாவளி, கிறிஸ்துமஸ் ஆகிய நான்கைப் பற்றி இங்கே பெரிய தகராறு வராது. சிக்கல் ஐந்தாவது நாளில்தான். ஆயுத பூசையா, புனித வெள்ளியா, பக்ரீத்தா, வேளாங்கண்ணித் திருவிழாவின் நிறைவு நாளான செப்டம்பர் 8-ஆ, சந்தனக்கூடா என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் சொல்ல ஆள் இருப்பார்கள்.

என் கருத்து இது. ஐந்து என்பது சட்டம் விதிக்கும் குறைந்த அளவு. அதற்கு மேல் தருவதை யாரும் தடுக்கவில்லை. மாநில அரசு ஊழியர்களுக்குப் பொது விடுமுறைகள் போக, ஒரு நீண்ட பட்டியலிலிருந்து தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ள ஆண்டுக்கு மூன்று நாள்கள் வரையறுக்கப்பட்ட விடுப்பு இருக்கிறது. எந்தச் சமயத்தவரும் எந்தச் சமயத்தின் நாளையும் அதில் எடுத்துக்கொள்ளலாம். அதைப் போல இரண்டு விருப்ப நாள்களை நீங்களும் தந்தால், ஐந்தாவது நாளைப் பற்றிய சண்டை பெரும்பகுதி அடங்கிவிடும். அந்த நாளை ஏன் கேட்கிறீர்கள் என்று விசாரிக்காமல் தருவது முக்கியம். கந்தூரிக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போகும் இந்துப் பெண்ணிடம் 'உனக்கு இது பண்டிகையா' என்று கேட்கும் மேற்பார்வையாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தேர்தல் நாளில் வாக்காளர்களுக்கு ஊதியத்துடன் விடுமுறை தருவது தனிச் சட்டப்படி கட்டாயம். அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பதில் 4: காரை வணிகன்

காரைக்காலிலிருந்து வருபவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்பதால் எங்கள் அரசு விடுமுறைப் பட்டியல் வேறு. புதுச்சேரி விடுதலை நாளான நவம்பர் 1, சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த நாளான ஆகஸ்ட் 16 ஆகியவை எங்கள் பிள்ளைகளுக்கு விடுமுறை. உங்கள் ஊரில் அவை சாதாரண நாள்கள். ஆனி மாதப் பௌர்ணமியில் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா வரும். பிச்சாண்டவர் வீதியுலாவின்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைக்கும் அன்று காரைக்கால்காரர்களை வேலைக்கு எதிர்பார்க்காதீர்கள். மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரியும் எங்களுக்குப் பெரிய நாள்தான்.

சட்டப்படி, வேலை செய்யும் இடம் நாகையில் இருப்பதால் உங்கள் நிறுவனத்தின் பட்டியலே அவர்களுக்கும் பொருந்தும். இதை அவர்களிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் போதும். எல்லையோரத்தில் வாழ்ந்து பழகிய நாங்கள் இதைப் புரிந்துகொள்வோம்.

பதில் 5: கடலோரக் கிராமத்துக்காரன்

மேலே எழுதியவர்கள் அரசின் பட்டியலையும் சட்டத்தின் பட்டியலையும் பற்றிச் சொன்னார்கள். மீன் பதப்படுத்தும் உங்கள் தொழிலை இவை இரண்டையும்விடக் கூடுதலாகப் பாதிக்கும் மூன்றாவது பட்டியல் ஒன்று இருக்கிறது. அது எங்கும் அச்சிடப்படுவதில்லை. கிராமப் பஞ்சாயத்தார் கூடி முடிவு செய்வதுதான்.

மாசி மகத்தன்று சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வரும்போது படகு போகாது. திருமலைராயன்பட்டினத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் எழுந்தருளும்போது, மீனவர் குலத்துப் பெண்ணான பத்மினி நாச்சியாரை மணந்தவர் என்பதால், பட்டினச்சேரி மக்கள் அவரை மாப்பிள்ளை என்று வரவேற்பார்கள். வீட்டு மாப்பிள்ளை வந்திருக்கும் நாளில் எவன் வலையைத் தூக்கிக்கொண்டு போவான்? ஊர் மாரியம்மன் திருவிழா, ஆடி மாதக் காரியங்கள் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு கிராமமும் தனித்தனியே தொழிலை நிறுத்தும். அக்கரைப்பேட்டைக்காரர்கள் கடலுக்குப் போகும் நாளில் கீச்சாங்குப்பத்தார் போகாமலிருக்கலாம். கிறித்தவ மீனவர் வாழும் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைக்கும் புனித வாரத்துக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு.

டிசம்பர் 26-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். அது எந்தச் சமயத்தின் பண்டிகையும் அல்ல. தமிழ்நாடு அரசின் பொது விடுமுறைப் பட்டியலிலும் இல்லை. 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் உள்ளே வந்து இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. வேளாங்கண்ணியில் மாண்டவர்களில் வெளியூர் யாத்திரிகர்கள் ஏராளம். அன்று எங்கள் ஊர்களில் கடலுக்குப் போவதில்லை. உங்களிடம் வேலை செய்யும் பெண்களில் பலர் அன்று பிள்ளையையோ கணவனையோ இழந்தவர்களாக இருப்பார்கள். அவர்கள் அன்று விடுப்புக் கேட்டு விண்ணப்பம் எழுதித் தர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முதல் நாள் தமிழ்ப் புத்தாண்டு. விசைப்படகுகள் கரை திரும்பி, கடைசிச் சரக்கு உங்கள் வாசலுக்கு வரும் நேரம் அது. புத்தாண்டை ஐந்து நாள்களில் ஒன்றாக வைத்தால் அன்று இரட்டைக் கூலி கொடுத்துத்தான் வேலை வாங்க வேண்டியிருக்கும். தடைக்காலத்துக்குள் வரும் நாளை விடுமுறையாக வைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று சில முதலாளிகள் நினைப்பதுண்டு. கூலி குறைந்து கிடக்கும் மாதத்தில் தரும் விடுமுறையைத் தொழிலாளி விடுமுறையாக எடுத்துக்கொள்ளமாட்டாள் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

மேலாளரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. பதில்களைப் படித்தபின் கீழ்க்கண்டவாறு முன்மொழியலாம் என்று எண்ணுகிறேன். பொங்கல், ரம்சான், தீபாவளி, கிறிஸ்துமஸ் ஆகிய நான்கும் நிலையாக இருக்கும். ஐந்தாவது நாளாக ஆயுத பூசையை வைக்கலாம். இயந்திரம் இருக்கும் இடத்தில் அன்று யாரும் வேலை செய்ய விரும்புவதில்லை. இவற்றுக்கு மேல் ஒவ்வொருவருக்கும் இரண்டு விருப்ப நாள்கள்; டிசம்பர் 26 நிறுவனம் முழுவதற்கும் ஊதியத்துடன் கூடிய கூடுதல் விடுமுறை. சந்தனக்கூட்டன்றும் செப்டம்பர் 8 அன்றும் நிறுவனம் இயங்கும். ஆனால் மாலைப் பணிமுறை இருக்காது. இதில் குறை தெரிந்தால் சொல்லுங்கள்.

பதில்: நாகூர்வாசி

மாலைப் பணிமுறையை நிறுத்துவது நல்ல யோசனை. ஆனால் சந்தனக்கூடு இரவு முழுவதும் நகர்ந்து விடியற்காலையில்தான் தர்காவை அடையும். கண் விழித்தவர்கள் மறுநாள் காலைப் பணிக்கு வரமாட்டார்கள். நிறுத்த வேண்டியது மறுநாள் காலைப் பணிமுறையை. முந்தைய மாலையில் மட்டும் இரண்டு மணி நேரம் முன்னதாக அனுப்பிவிட்டால் போதும்.

பதில்: தொழிற்சட்ட ஆலோசகர்

ஆயுத பூசையை ஐந்தாவதாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு இந்துப் பண்டிகைகளும் ஓர் இஸ்லாமியப் பண்டிகையும் ஒரு கிறித்தவப் பண்டிகையும் ஏற்கெனவே இருக்கும்போது, ஐந்தாவது நாளை நீங்களே தீர்மானித்துக்கொண்டு வந்தால், கலந்தாலோசனை வெறும் சடங்காகிவிடும். அதைத் தொழிலாளர் கூட்டத்தில் வையுங்கள். அவர்கள் ஆயுத பூசையையே தேர்ந்தெடுத்தாலும் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள் என்று இருக்கட்டும். கிலோ கணக்கில் கூலி வாங்கி இறால் உரிக்கும் பெண்களுக்கு இந்த நாள்களில் எவ்வளவு ஊதியம், எந்த மாதங்களின் சராசரியைக் கொண்டு அது கணக்கிடப்படும் என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே படித்துக் காட்டி, பட்டியலுக்குக் கீழே எழுதி ஒட்டுங்கள். ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.